மலைக்காட்டில் எல்க் வேட்டை: எதற்குக் காசு போடலாம், எதை விட்டுவிடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. அமெரிக்காவின் மேற்கு மலைகளிலோ அது உரிமம், ஒதுக்கீடு, பருவம் என்று கணக்கு வைத்து நடக்கிறது. டென்வர், சால்ட் லேக் பக்கம் வேலைக்கு வந்தவர்கள் அலுவலக நண்பரோடு ஒரு தடவை காட்டுக்குப் போய்விட்டு வந்ததும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எல்க் எனும் பெரிய மானை வேட்டையாட கொலராடோ, அக்டோபர் மாத ரைபிள் பருவம், 3,000 மீட்டர் உயரம், ஐந்து நாள் தங்கல் என்பதை அடிப்படையாக எடுத்துக்கொண்டோம்.

"பேக்கண்ட்ரி வேட்டைன்னா என்ன? ரோட்டோரமா வண்டியை நிறுத்திட்டுப் போறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

சாலை முடியும் இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, படுக்கை, சாப்பாடு, துப்பாக்கி எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு நாலைந்து கிலோமீட்டராவது உள்ளே நடந்து, அங்கேயே தங்கி வேட்டையாடுவது. 'வைல்டர்னஸ்' என்று அறிவிக்கப்பட்ட காடுகளில் மோட்டார் வண்டி மட்டுமல்ல, சைக்கிளும் சக்கரம் வைத்த தள்ளுவண்டியும்கூடக் கூடாது. சொந்தக் கால், இல்லையென்றால் குதிரை, கோவேறு கழுதை.

வளர்ந்த ஆண் எல்க் உயிரோடு 300 கிலோ இருக்கும். எலும்பை நீக்கினாலும் 80 முதல் 100 கிலோ கறி தேறும். தின்னத் தகுந்த கறியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருவது கொலராடோவில் குற்றம். ஆக, சுடுவது ஒரு நொடி வேலை, அதைச் சுமந்து வண்டிக்குக் கொண்டுவருவது ஒன்றிரண்டு நாள் வேலை. சாமான் வாங்கும்போது பெரும்பாலோர் அந்த ஒரு நொடிக்கே மொத்தப் பணத்தையும் கொட்டிவிடுகிறார்கள்.

"நான் எச்-1பி விசாவுல இருக்கேன். துப்பாக்கியைத் தொடலாமா?"

குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டத்தின் பொதுவிதி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் ஒன்று கையில் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவரை இந்தத் தடை தொடாது. கவனிக்க வேண்டியது 'செல்லுபடியாகும்' என்ற சொல்லைத்தான். உரிமம் காலாவதியான மறுநாள் அலமாரியில் ரைபிள் சும்மா இருந்தாலும் சிக்கல்தான். விசா நிலை பாதிக்கப்படக்கூடிய விஷயம் என்பதால், வாங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வில்லும் அம்பும் அந்தச் சட்டத்தின்படி துப்பாக்கி அல்ல. விசாவில் இருப்பவர்களில் சிலர் வில் வேட்டைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எதுவானாலும், 1949 ஜனவரி 1-ஆம் தேதியோ அதன் பிறகோ பிறந்தவர் கொலராடோவில் உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும்.

"பட்ஜெட் கம்மி. முதல்ல எதை வாங்கணும்?"

வரிசை இது: பூட்ஸ், கறி சுமக்கும் முதுகுப்பை, தூங்கும் ஏற்பாடு, பைனாகுலர். ரைபிள் அதற்குப் பிறகு. உருமறைப்புத் துணி கடைசி. பூட்ஸுக்குச் சுமார் 300 முதல் 500 டாலர், பைக்கு 500 முதல் 700 டாலர் என்று ஒதுக்கிவைத்துவிட்டு மீதியைப் பிரியுங்கள். வெளிமாநிலத்தவருக்கு ஆண் எல்க் டேக்கே (ஒரு விலங்கைச் சுடத் தரும் அனுமதிச் சீட்டு) ஏறத்தாழ 800 டாலர் ஆகிவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்கவும். கொலராடோவில் ஆறு மாதம் தொடர்ந்து குடியிருந்தவருக்கு அது நூறு டாலருக்குள் முடிந்துவிடும். குலுக்கல் டேக்குக்கு விண்ணப்பிக்கும் கெடு ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்துவிடும். செப்டம்பரில் ஆசை வந்து பயனில்லை.

பையும் பைனாகுலரும் பழையதாக வாங்கத் தகுந்தவை. பூட்ஸும் காற்றடைத்த படுக்கையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஒருவர் காலுக்கு வளைந்த தோல் இன்னொருவர் காலுக்கு வளையாது. படுக்கையில் இருக்கும் ஊசிமுனை ஓட்டை கடையில் கண்ணுக்குத் தெரியாது.

"ட்ரெக்கிங் போற பை ஏற்கெனவே இருக்கு. அது போதாதா?"

உள்ளே போவதற்குப் போதும். திரும்பி வரும்போதுதான் கைவிட்டுவிடும். சாதாரண ட்ரெக்கிங் பை 15 முதல் 20 கிலோவுக்குத் தைத்தது. 35 கிலோ ஏற்றினால் பிரேம் வளைந்து, இடுப்பில் இறங்க வேண்டிய பாரம் தோளில் உட்காரும். ஒரு மணி நேரத்தில் கை மரத்துப்போகும். வேட்டைப் பையில் முதுகை ஒட்டிய விறைப்பான பிரேம் தனியாகவும், துணிப்பை தனியாகவும் இருக்கும். இரண்டையும் பிரித்து நடுவில் கறி மூட்டையை வைத்து இறுக்கிக் கட்டலாம். பாரம் முதுகெலும்பை ஒட்டியே நிற்பதால் பின்னால் இழுக்காது, ரத்தமும் துணிமணிமேல் வடியாது. மிஸ்டரி ராஞ்ச், ஸ்டோன் கிளேசியர், எக்ஸோ மவுண்டன் கியர், கிஃபாரு, சீக் அவுட்சைட் எல்லாம் இந்த வகை. ஐந்து நாளுக்கு 75 முதல் 90 லிட்டர் கொள்ளளவு சரி.

அளவு பார்ப்பது இப்படி: இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். தோள்பட்டையிலிருந்து பிரேமின் உச்சிக்கு ஏறும் சின்னப் பட்டை ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் மேலே போக வேண்டும். அது படுக்கையாகவோ கீழ்நோக்கியோ இருந்தால் பிரேம் உங்களுக்குக் குட்டை, வேறு அளவு எடுங்கள். ஏற்றும்போது இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கி, பிறகு தோள், கடைசியாக மேல் பட்டை.

வாங்கிய வாரமே சோதித்துப் பாருங்கள். இந்தியக் கடையில் விற்கும் 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை ஒன்று 9 கிலோ. மூன்றைக் கட்டினால் 27 கிலோ. அதோடு மேடு பள்ளத்தில் இரண்டு மணி நேரம் நடந்தால், எந்தப் பட்டை வழுக்குகிறது, எங்கே தோல் உரிகிறது என்று தெரிந்துவிடும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்வது புத்திசாலித்தனம். அரிசி வீணாகாது.

"பூட்ஸ் இன்சுலேஷனோட வேணுமா? எவ்வளவு நாள் பழக்கணும்?"

நடந்துகொண்டே இருப்பவருக்கு இன்சுலேஷன் இல்லாதது அல்லது 200 கிராம் வகை. ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்காருபவருக்கு 400 கிராம். கனமான இன்சுலேஷனோடு ஏறினால் கால் வியர்த்து, உட்கார்ந்ததும் அந்த ஈரமே குளிராக மாறிவிடும். பாரத்தோடு குறுக்குச் சரிவில் நடக்க அடிப்பகுதி விறைப்பாக இருப்பது அவசியம். கையால் முறுக்கினால் எளிதாகத் திருகும் அடிப்பகுதி 30 கிலோவுக்கு ஆகாது. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது, காட்டில் போடப்போகும் அதே கம்பளி சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். இறக்கத்தில் விரல் முன்னே போய் முட்டினால் அரை அளவு கூட்டுங்கள்.

தோல் பூட்ஸ் என்றால் குறைந்தது 60, 80 கிலோமீட்டராவது நடந்து பழக்கியாக வேண்டும், அதில் பாதி பாரத்தோடு. குதிகாலில் சூடு தெரிந்த உடனே, கொப்புளம் வருவதற்கு முன்பே, லூக்கோடேப் என்ற ஒட்டுப்பட்டையை ஒட்டிவிடுங்கள். இரவில் ஈர பூட்ஸ் கல்லாக உறைந்துவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தூங்கும் பைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

"கேமோ டிரஸ் கட்டாயமா? அதுக்கே ஆயிரம் டாலர் கேக்குறான்."

கட்டாயம் இல்லை. ரைபிள் பருவத்தில் கட்டாயமானது ஒளிரும் ஆரஞ்சு அல்லது ஒளிரும் இளஞ்சிவப்புதான். இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம், அதோடு எல்லாப் பக்கமும் தெரியும் தொப்பி. பாரம் சுமக்கும்போது பை ஆரஞ்சு மேலாடையை மறைத்துவிடும். பைக்கு மேலேயும் ஓர் ஆரஞ்சுத் துணியைக் கட்டுங்கள். எல்க் கண்ணைவிட மூக்கையே நம்பும் விலங்கு. காற்றின் போக்கைக் காட்டும் ஐந்து டாலர் பொடிக் குப்பி செய்யும் வேலையை எந்த இலை அச்சிட்ட சட்டையும் செய்யாது.

துணியில் பார்க்க வேண்டியது அடுக்குகளை: உடலை ஒட்டி மெரினோ கம்பளி, மேலே மெல்லிய ஃபிளீஸ், உட்காரும்போது போட வாத்துத்தூவியோ செயற்கை இழையோ அடைத்த ஜாக்கெட், மழைக்கு மேலங்கி. பருத்தி உள்ளாடைகூட வேண்டாம். நனைந்தால் காயாமல் உடல் சூட்டை உறிஞ்சும். பழுப்பு, சாம்பல் நிற ட்ரெக்கிங் துணிகளே போதும்.

"எந்த ரைபிள்? 6.5 கிரீட்மோர் எல்க்குக்குப் பத்தாதுன்னு ஒருத்தர் சொல்றார், போதும்னு இன்னொருத்தர் சொல்றார்."

கொலராடோ விதிப்படி எல்க்குக்குக் குறைந்தது 0.24 அங்குலக் குழல் விட்டம், 85 கிரெயின் (சுமார் 5.5 கிராம்) எடையுள்ள விரியும் தோட்டா, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகை இதைத் தாராளமாகத் தாண்டும். .308, .30-06, 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் ஆகியவை தோள் எலும்பில் பட்டாலும் கூடுதல் தாராளம் தரும். சண்டையை நிறுத்திவிட்டு, உதை தாங்காமல் கண்ணை மூடாமல் உங்களால் சுட முடிகிற ரைபிளை எடுங்கள். ஸ்கோப்போடு சேர்த்து 3.5 கிலோவைத் தாண்டாமல் இருந்தால் கால்கள் நன்றி சொல்லும்.

மேசையில் வைத்துச் சுட்ட குறியை நம்பக் கூடாது. பையின்மேல் சாய்த்து, உட்கார்ந்து, முழங்காலிட்டு, மூச்சு வாங்கும்போது எவ்வளவு தூரத்தில் பத்துக்குப் பத்துத் தோட்டாவும் எட்டு அங்குலத் தட்டில் படுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. பலருக்கு அது 250 கஜத்துக்குள் முடியும். விமானத்தில் வந்தாலும், வழியில் ரைபிள் கீழே விழுந்தாலும், வேட்டைக்கு முன் குறியைத் திரும்பச் சரிபார்க்கவும்.

"செம்புத் தோட்டா அவசியமா?"

கொலராடோவில் கட்டாயம் இல்லை. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது. ஈயத் தோட்டா உடலுக்குள் சிதறும்போது மிகச் சிறு துகள்கள் காயத்திலிருந்து வெகுதூரம் வரை கறியில் கலக்கும், கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் குழந்தைகள் சாப்பிடப் போகிறார்கள் என்றால் செம்பு நல்ல முடிவு. ஆனால் செம்பு விரிவதற்கு வேகம் வேண்டும். வேகம் குறைந்த நெடுந்தூரத்தில் விரியாமல் ஊடுருவிப் போய்விடும். எடையை ஒரு படி குறைத்து வேகத்தைக் கூட்டுவது வழக்கம். தோட்டா வகையை மாற்றினால் குறியும் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

"பைனாகுலர் எட்டா பத்தா? ஸ்பாட்டிங் ஸ்கோப் தேவையா?"

திறந்த மலைச்சரிவுக்கு 10x42 (பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.), அடர்ந்த காட்டுக்கு 8x42. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 10x42. அதைக் கையில் பிடித்துப் பார்ப்பதும் முக்காலியில் பொருத்திப் பார்ப்பதும் இரண்டு வேறு கருவி மாதிரி. நடுக்கம் நின்றதும் காதை ஆட்டும் ஒரு அசைவுகூடப் பிடிபடும். அதனால் விலை உயர்ந்த பைனாகுலரைவிட, நடுத்தர விலைப் பைனாகுலரும் ஒரு கிலோவுக்குள் ஒரு கார்பன் முக்காலியும் மேல். நெஞ்சுப் பையில் வையுங்கள். முதுகுப்பைக்குள் போனால் வெளியே வரவே வராது.

ஸ்பாட்டிங் ஸ்கோப் எனும் ஒற்றைக்கண் தொலைநோக்கி முதல் வருடம் வேண்டாம். கொலராடோவின் பெரும்பாலான பகுதிகளில் சுடக்கூடிய ஆண் எல்க்குக்கு ஒரு கொம்பில் நான்கு கிளையோ, ஐந்து அங்குல நெற்றிக் கிளையோ இருக்க வேண்டும். சுடும் தூரத்தில் பைனாகுலரே அதைக் காட்டிவிடும். தூரம் அளக்கும் கருவியை மட்டும் விடாதீர்கள், மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சுடும்போது சாய்வைக் கணக்கிட்டுச் சொல்லும் வகையாக இருக்கட்டும்.

"ராத்திரி எவ்வளவு குளிரும்? மைனஸ் 9 பைன்னு போட்டிருந்தும் விறைச்சுப் போயிடுச்சே?"

அக்டோபரில் மைனஸ் 10 வரை சாதாரணமாக இறங்கும். தூங்கும் பையின்மேல் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் 'லிமிட்' அளவு, அதாவது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை. சுகமாகத் தூங்கும் 'கம்ஃபர்ட்' அளவு அதைவிட ஐந்தாறு பாகை மேலே இருக்கும். ஆகவே மைனஸ் 9 என்று எழுதியது மைனஸ் 3, 4 வரைதான் சுகம். மைனஸ் 18 பை வாங்கினால் சந்தேகமே இல்லை.

விறைத்ததற்கு இன்னொரு காரணம் கீழே இருக்கலாம். உடல் எடையில் நசுங்கிய தூவி தரைக்குளிரைத் தடுக்காது, அது படுக்கையின் வேலை. குளிரைத் தடுக்கும் திறனைக் காட்டும் படுக்கையின் ஆர் எண் 4.5-க்குக் குறையக் கூடாது. அதற்கு அடியில் மடிப்பு ஃபோம் ஒன்றைப் போட்டால் ஆர் எண் 2 கூடும், காற்று இறங்கினாலும் இரவு கழியும், பகலில் பனிமேல் உட்காரவும் ஆகும். இந்த நாற்பது, ஐம்பது டாலர் ஃபோமைப் போலச் செலவுக்கு மேல் உழைக்கும் சாமான் குறைவு.

"கூடாரம்?"

ஒருவருக்கு ஒன்றரைக் கிலோவுக்குள், பனி சரிந்து இறங்கும் செங்குத்தான சுவரோடு. தரையில்லாத, கூம்பு வடிவ டீப்பி வகையும் டைட்டானியம் விறகடுப்பும் ஈரத்தைக் காயவைக்க அருமை, ஆனால் தீத்தடை அறிவிப்பு இருக்கும் நாட்களில் விறகடுப்பை மூட்ட முடியாமல் போகலாம்.

"கேஸ் அடுப்பு காலையில எரியவே மாட்டேங்குது. தண்ணி வடிகட்டியும் ஒழுகுது."

இரண்டுக்கும் குளிர்தான் காரணம். சாதாரண பியூட்டேன் மைனஸ் 0.5 பாகைக்குக் கீழே ஆவியாகாது, ஐசோபியூட்டேன் மைனஸ் 11.7 வரை தாங்கும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த உருளையை வாங்கி, இரவில் அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இரண்டு லிட்டர் கொதிக்கவைக்கும் ஒருவருக்கு 230 கிராம் உருளை ஐந்து நாள் வரும். பனியை உருக்கித்தான் தண்ணீர் என்றால் இரண்டு எடுங்கள்.

குழல் இழை வடிகட்டி ஒருமுறை ஈரத்தோடு உறைந்தால் உள்ளே விரிசல் விடும். வெளியே தெரியாது, தண்ணீரும் வரும், கிருமியும் வரும். அதையும் உடலோடு வைத்துத் தூங்குங்கள், அல்லது குளோரின் டையாக்சைடு மாத்திரைக்கு மாறுங்கள். குளிர்ந்த நீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சாக நான்கு மணி நேரம் ஆகும் என்பதால் இரவே போட்டு வைக்க வேண்டும்.

"அஞ்சு நாளும் அந்த அமெரிக்க பாக்கெட் சாப்பாடு இறங்காது. நம்ம சாப்பாடு எடுத்துட்டுப் போகலாமா?"

தாராளமாக. பார்க்க வேண்டியது எடைக்கு எவ்வளவு கலோரி என்பதை மட்டும். நாளுக்கு 700, 800 கிராமில் 3,000 கலோரிக்குக் குறையாமல் வர வேண்டும். 3,000 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 90 பாகையிலேயே கொதிப்பதால் அரிசியும் பருப்பும் வேக நேரம் ஆகி கேஸைத் தின்னும். அவலோ வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் ஐந்து நிமிடத்தில் தயார். அதில் பருப்புப் பொடியும் இரண்டு கரண்டி நெய்யும் சேர்த்தால் சூடான இரவுச் சாப்பாடு. வறுத்துத் தாளித்து வைத்த ரவை உப்புமா மிக்ஸும் இப்படியே. பகலுக்குக் கடலை மிட்டாய், முந்திரி, வறுத்த கடலை. நெய்யைத் திருகு மூடி பாட்டிலில் எடுங்கள், குளிரில் உறைந்திருக்கும் என்பதால் வாய் அகன்றதாக. கருவாட்டைத் தவிர்க்கவும், கரடிக்கு விளம்பரம் வேண்டாம்.

"கத்தி எது? பிளேடு மாத்துற கத்தி உடையுதுன்னு சொல்றாங்களே?"

எல்க் தோல் முனையை விரைவில் மழுக்கும். அறுவைச் சிகிச்சைப் பிளேடு பொருத்தும் ஹாவலோன் வகைக் கத்தி லேசானது, கூரானது, ஆனால் மூட்டில் செருகித் திருகினால் முறியும். முறிந்த துண்டு கறிக்குள் இருக்கும், கையையும் கிழிக்கும். தோலுரிக்க அது, மூட்டுக்கு எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நிலையான கத்தி என்று இரண்டு எடுங்கள். மாற்றுப் பிளேடு ஆறு, பழைய பிளேடைப் போட ஒரு சின்ன டப்பா. கோடரி, ரம்பம் வேண்டாம், எலும்பை வெட்டும் தேவையே வராது. ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கெட் ஒன்றை எட்டும் இடத்தில் வையுங்கள், காட்டில் நடக்கும் பெரிய காயங்களில் கத்திக்குத் தனிப் பங்கு உண்டு.

"கறிப்பை எத்தனை வேணும்? வயித்தைக் கிழிக்காமலே வெட்டலாமாமே, எப்படி?"

கேம் பேக் எனப்படும் கறிப்பை எல்க்குக்குக் குறைந்தது ஐந்து: நான்கு கால்களுக்கு நான்கு, உதிரிக் கறிக்கு ஒன்று. ஆறு இருந்தால் நிம்மதி. காற்றோடும் செயற்கை இழைப் பை லேசானது, துவைத்து ஆண்டுக்கணக்காகப் பயன்படும். தலையணை உறை ரத்தம் ஊறி ஈ மொய்க்கும், கனமும் கூட. பிளாஸ்டிக் குப்பைப் பையில் மட்டும் ஒருபோதும் போடாதீர்கள். சூடும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் கறி உள்ளேயே அவிந்துபோகும்.

வயிற்றைத் திறக்காமல் வெட்டுவது தனியாளுக்கு ஏற்ற முறை. முதலில் உரிமத்தில் சொன்னபடி டேக்கைக் கையொப்பமிட்டு எடுத்து வையுங்கள். விலங்கைப் பக்கவாட்டில் கிடத்தி, சரிவாக இருந்தால் காலைக் கயிற்றால் மரத்தில் கட்டுங்கள். பதினைந்து மீட்டர் கயிறு போதும். முதுகெலும்பு நெடுகத் தோலைக் கீறி வயிற்றை நோக்கி உரியுங்கள். முன்சப்பைக்கு உடலோடு எலும்பு மூட்டே கிடையாது, தூக்கிப் பிடித்து அடிச்சதையை அறுத்தால் கழன்றுவிடும். பின்தொடைக்கு இடுப்பெலும்பை ஒட்டியே கத்தியை ஓட்டி, பந்து மூட்டின் நடுத் தசைநாரை வெட்டினால் போதும். பிறகு கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகுச் சதை, கழுத்துக் கறி, விலாக் கறி. புரட்டிப் போட்டு மறுபக்கமும் இப்படியே. முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மென்சதையைக் கடைசி விலாவுக்குப் பின்னால் சிறு கீறல் போட்டுக் கைவிட்டு எடுக்கலாம். அதைத்தான் புதியவர்கள் மறந்துவிட்டு வருவார்கள்.

ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு ஒரு பகுதியிலாவது இயற்கையாக ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு பின்தொடையில் விட்டுவைத்து, அந்தப் பைக்கு அடையாளமாகக் கயிறு கட்டுங்கள். கறியை மண்ணில் வைக்காமல் இருக்க டைவெக் எனும் எளிதில் கிழியாத தாள் இரண்டு மீட்டர் இருந்தால் சுத்தம்.

"எல்லாம் சரியாப் பண்ணியும் தொடைக்கறி எலும்போரம் நாறிடுச்சு. ஏன்?"

சூடு உள்ளேயே தங்கிவிட்டது. எல்க்கின் தோல் கம்பளி, தொடை கனம். வெளியே கை வைத்தால் சில்லென்று இருக்கும்போதும் பந்து மூட்டுக்குப் பக்கத்தில் சூடு மணிக்கணக்கில் நிற்கும். பகல் வெப்பம் 10 பாகைக்கு மேல் இருந்தாலோ, கறியை இரவு காட்டிலேயே விட வேண்டியிருந்தாலோ, பின்தொடையை எலும்பு வரை நீளமாகக் கீறித் திறந்துவிடுங்கள், அல்லது எலும்பையே எடுத்துவிடுங்கள். பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், வடக்குச் சரிவு நிழலில், ஓடை ஓரமாக, கிளையில் தொங்கவிடுங்கள். சூரியன் நகரும்போது நிழலும் நகரும் என்பதையும் பார்த்துக் கட்டுங்கள்.

வண்டியில் 100 லிட்டர் ஐஸ்பெட்டி இரண்டு காத்திருக்கட்டும். உதிரி ஐஸ் உருகிக் கறி தண்ணீரில் ஊறும். வீட்டிலேயே தண்ணீர் ஊற்றி உறையவைத்த பால் கேன்கள் மேல்.

"தனியாப் போனா எத்தனை நடை? எவ்வளவு தூரம் உள்ள போகலாம்?"

கணக்குப் போடுங்கள். கறி 90 கிலோ, ஒரு நடைக்கு 30 கிலோ என்றால் மூன்று நடை, கூடாரம், ரைபிள், தலை சேர்ந்து இன்னொன்று. நான்கு நடை. வண்டியிலிருந்து 5 கிலோமீட்டர் என்றால் பாரத்தோடு 20, வெறுமனே திரும்ப 15, மொத்தம் 35 கிலோமீட்டர். அதுவும் 3,000 மீட்டர் உயரத்தில். இரண்டு நாள் ஆகும். தனியாள் முதல் வருடத்தில் 4 கிலோமீட்டருக்கு மேல் போவது புத்தியல்ல. வெப்பமான செப்டம்பரில் இன்னும் குறையுங்கள், காரணம் மேலே சொன்னதுதான்.

ட்ரெக்கிங் கோல் இரண்டு கட்டாயம். கோலில்லாமல் 30 கிலோவோடு இறங்கினால் முழங்கால் போகும். கடல்மட்டத்து ஊர்களிலிருந்து வருபவர்கள் இரண்டு நாள் முன்னதாக வந்து உயரத்துக்குப் பழகிக்கொள்ளவும். தலைவலி, வாந்தியோடு மேலே ஏறக் கூடாது.

"போன்லயே சாட்டிலைட் எஸ்.ஓ.எஸ். இருக்கே. தனியா ஒரு கருவி வாங்கணுமா?"

ஐபோன் 14 முதல் அந்த வசதி உண்டு, ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் வரைபடம், புகைப்படம், வெளிச்சம் எல்லாவற்றுக்கும் அதே போனைத்தான் நம்பியிருக்கிறீர்கள். குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கும், பாறையில் விழுந்தால் எல்லாமே போகும். கார்மின் இன்ரீச் மினி 2 வெறும் 100 கிராம். தனியாகப் போகிறவருக்கு இது செலவல்ல.

வரைபடத்தை, தனியார் நில எல்லையோடு, வீட்டிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஆன்எக்ஸ் போன்ற செயலிகளில் அந்த அடுக்கு இருக்கும். போனை விமான முறையில் வைத்தாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். 10,000 எம்.ஏ.எச். பவர்பேங்க், தலைவிளக்கு இரண்டு. இருட்டில் கறி வெட்டும்போது ஒன்று அணைந்தால் தெரியும் அருமை.

"கரடி ஸ்பிரே கொலராடோவுக்கும் வேணுமா?"

கொலராடோவில் இப்போது இருப்பது கருங்கரடி மட்டும். அங்கே கடைசியாகக் கிரிஸ்லி எனும் பெரிய பழுப்புக் கரடி கொல்லப்பட்டது 1979-இல். மொண்டானா, வயோமிங், ஐடஹோவின் சில பகுதிகள் என்றால் கட்டாயம், ஒருவருக்கு ஒரு குப்பி. எட்டு, ஒன்பது மீட்டர் தூரத்தில் வேலை செய்வது என்பதால் இடுப்புப் பட்டையிலோ நெஞ்சிலோ இருக்க வேண்டும். கிரிஸ்லி பகுதியில் கறியை எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் விடாமல் நூறு மீட்டராவது தள்ளி, தூரத்திலிருந்தே தெரியும் வெட்டவெளியில் வையுங்கள். திரும்பி வரும்போது முதலில் பைனாகுலரில் பார்த்துவிட்டுப் பிறகு நெருங்குங்கள்.

"விமானத்துல எதெல்லாம் கொண்டுபோக முடியாது?"

கேஸ் உருளையும் கரடி ஸ்பிரேயும் எந்தப் பெட்டியிலும் கூடாது, இறங்கிய ஊரில் வாங்குங்கள். ரைபிள் தோட்டாவின்றி, பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுன்டரில் அறிவித்துச் செக்-இன்னில். தோட்டா அதன் அட்டைப்பெட்டியோடு, பெரும்பாலான விமான நிறுவனங்களில் 5 கிலோ வரை. கத்தி, கோல் செக்-இன்னில். பவர்பேங்க் கைப்பையில் மட்டும்.

"ஆசைப்பட்டு வாங்கிட்டு அப்புறம் வருத்தப்படுற சாமான் எது?"

வாசனை மறைக்கும் ஸ்பிரே, பெரிய சேவிங் கிட், மடிப்பு ரம்பம், நாற்காலி, இரண்டாவது கால்சட்டை, 20 துண்டு முதலுதவிப் பெட்டி. எல்லாம் சேர்ந்தால் மூன்று கிலோ. எல்க் குரலெழுப்பும் குழலும் அக்டோபர் ரைபிள் பருவத்தில் பெரிதாக உதவாது, இணைசேரும் பருவம் செப்டம்பரோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

"சி.டபிள்யூ.டி. நோய்னு சொல்றாங்களே. தலையையும் சுமந்துட்டு வரணுமா?"

குரோனிக் வேஸ்டிங் டிசீஸ் என்பதன் சுருக்கம், மான் குடும்பத்தின் மூளையைத் தின்னும் நோய் அது. 1967-இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான நிகழ்வு இல்லை. ஆனாலும் நோயுள்ள விலங்கின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. கொலராடோவில் சில பகுதிகளுக்கு, சில ஆண்டுகளில், தலையைச் சோதனைக்குக் கொடுப்பது கட்டாயம். உங்கள் பகுதி அதில் வருகிறதா என்று அந்த ஆண்டின் விதிக் கையேட்டில் பார்த்துவிட்டே கிளம்புங்கள். வந்தால், மேலே போட்ட நான்கு நடைக் கணக்கில் தலைக்கு இடம் ஒதுக்குங்கள். தேவைப்படுவது தொண்டைப் பக்க நிணநீர்க் கணுக்கள் என்பதால் கொம்பை மட்டும் கொண்டுவந்தால் பயனில்லை.

வேறு மாநிலத்தில் வசிப்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முழு உடல், முதுகெலும்பு, மூளை இருக்கும் தலை ஆகியவற்றை எல்லைக்குள் கொண்டுவரப் பல மாநிலங்கள் தடை விதித்திருக்கின்றன. எலும்பு நீக்கிய கறி, சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகடோடு கொம்பு ஆகியவை பெரும்பாலும் அனுமதி. முதுகெலும்பை வெட்டாமல் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். சோதனை முடிவு வரும்வரை இந்த எல்க்கின் பொட்டலங்கள் எல்லாவற்றிலும் தேதியையும் மாதிரி எண்ணையும் எழுதி, ஃபிரீசரில் தனித் தட்டில் வையுங்கள்.